பேரைக் காப்பாத்திடுங்க: உள்ளூர் வணிகக் குழுக்களில் தொழில் உறவு வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க, நம்ம கிளையன்ட் ஒருத்தர் கிரைண்டர் பண்றாருங்க. லாரியில போற சரக்குல பாதி மூலை நசுங்கித் திரும்பி வருதாம். உங்க நம்பர் குடுத்திருக்கேன். என் பேரைக் காப்பாத்திடுங்க."

கோயம்புத்தூரில் அட்டைப்பெட்டித் தொழில் செய்யும் எனக்கு ஓர் ஆடிட்டரிடமிருந்து வந்த அழைப்பு இது. ஒரே வணிகக் குழுவில் வாராவாரம் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள். அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஒருவர் நம்மைப் பற்றி இன்னொருவரிடம் நல்ல வார்த்தை சொல்லும்போது, வருடக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த தன் பெயரை நமக்குக் கடன் கொடுக்கிறார். நாம் சொதப்பினால் போவது அவர் பெயர். அந்தக் கடனை யாரும் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதில்லை. விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டதற்காகவும் கொடுப்பதில்லை.

குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல தொழில்காரர்கள்தான். ஆனால் அந்தக் கடன் எப்படிக் கிடைக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தக் குழு எதற்கு

முதலில் தொழில் சங்கங்கள். கோவையில் 1969-இல் தொடங்கிய சிறுதொழில்காரர்களின் சங்கமான கொடிசியா, திருப்பூரில் 1990-இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கம், மே 5 அன்று வணிகர் தினம் கொண்டாடும் கடைக்காரர்களின் சங்கங்கள், ஊர் ஊருக்கு இருக்கும் சேம்பர்கள் எல்லாம் இந்த வகை. மின்கட்டணம், ஜிஎஸ்டி, மூலப்பொருள் விலை என்று எல்லாரையும் பாதிக்கும் விஷயங்களைப் பேசுவது இவற்றின் வேலை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் உங்கள் போட்டியாளராகவே இருக்கலாம். அதற்காக ஒதுங்க வேண்டாம். கையில் ஆர்டர் நிரம்பி வழியும்போது அவர் வேலையைத் தள்ளிவிடப்போவது, தனக்கு முகம் தெரிந்த இன்னொரு யூனிட்டுக்குத்தான். எந்த மில்லின் பேப்பர் இந்த மாதம் ஈரமாக வருகிறது, எந்தப் பார்ட்டி பேமெண்ட்டை இழுத்தடிக்கிறது போன்ற செய்திகளும் அங்கே டீ குடிக்கும் நேரத்தில் கிடைத்துவிடும்.

அடுத்தது ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சேவைச் சங்கங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும், ஒரு நிலக்கரி வியாபாரியும், ஒரு சுரங்கப் பொறியாளரும், ஒரு தையல்காரரும் கூடியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயர் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும் நோக்கமாக இருந்தது. போகப்போகச் சேவை முன்னுக்கு வந்துவிட்டது. 1917-இல் உருவான லயன்ஸ் சங்கமோ, உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தக் கிளையும் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. ரத்ததான முகாமில் நின்று கொட்டேஷன் பேசுபவரை இந்தச் சங்கங்களில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் மூன்று வருடம் சேர்ந்து கண் சிகிச்சை முகாம் நடத்தியவரின் குணம் உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்திருக்கும். இங்கே உறவு வர நாளாகும். வந்தால் லேசில் போகாது.

மூன்றாவது, வியாபாரப் பரிந்துரைக்கென்றே கூடும் ரெஃபரல் குழுக்கள். இதில் பெரியது பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்). 1985-இல் கலிஃபோர்னியாவில் இவான் மைஸ்னர் தொடங்கியது. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் காலை ஏழு மணியை ஒட்டிக் கூடுவார்கள். ஒரு சேப்டரில், அதாவது கிளையில், ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் மட்டும். கொடுப்பவருக்குத்தான் கிடைக்கும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இதே முறையில் நடக்கும் உள்ளூர்க் குழுக்களும் நிறைய இருக்கின்றன. வியாபாரம் பேசக் கூச்சப்பட வேண்டாத இடம் இது. ஆனால் சந்தாவும் அதிகம், ஒழுங்கும் அதிகம்.

நான்காவது, சொந்தபந்தம், ஊர், சமுதாயம் என்ற அடிப்படையில் அமைந்தவை. விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிக்கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. வெளியே யாரும் கடன் தராத காலத்தில் இந்த வலைகள்தான் பலரைத் தூக்கிவிட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு குறை உண்டு: இங்கே எல்லாருக்கும் தெரிந்தவர்கள் அதே ஆட்கள்தான். உங்கள் மாமாவுக்குத் தெரிந்த மில்காரர் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பார்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்த்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் சுமார் 56 சதவீதம், அபூர்வமாகப் பார்த்தவர்கள் சுமார் 28 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும்; புதிய செய்தி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். சாதி, ஊர் வட்டத்தைத் தாண்டி, வேறு வேறு தொழில்காரர்கள் கலந்து உட்காரும் ஒரு குழுவிலாவது இருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதற்காக நான்கிலும் சேர்ந்துவிட வேண்டாம். உங்கள் தொழில் சங்கம் ஒன்று, கலப்பான குழு ஒன்று. இரண்டுக்கு மேல் போனால் எதிலும் உங்கள் முகம் மனதில் நிற்காது.

சேர்வதற்கு முன் ஒரு மாலை உட்காருங்கள்

கடைசியாக வந்த 20 வாடிக்கையாளர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் யார் சொல்லி வந்தார்கள் என்று குறியுங்கள். பில் புத்தகத்தைப் புரட்டினால் முக்கால்வாசி நினைவுக்கு வந்துவிடும். நான் எழுதியபோது இரண்டு பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள்: ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரர், ஒரு பிரிண்டிங் பிரஸ்காரர். யோசித்தால் அது இயல்புதான். என் வாடிக்கையாளருக்கு என்னைத் தேவைப்படும் அதே வாரத்தில் லேபிள் அடிக்கவும் ஆள் வேண்டும், லாரியும் வேண்டும்.

இப்படி ஒரே வாடிக்கையாளருக்கு வேறு வேறு வேலை செய்பவர்கள்தான் உங்கள் இயல்பான கூட்டாளிகள். கல்யாண வேலை என்றால் மண்டபம், சமையல்காரர், பூ அலங்காரம், போட்டோகிராபர், மேக்கப். வீடு கட்டும் வேலை என்றால் இன்ஜினீயர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் கடை, மாடுலர் கிச்சன், வீட்டுக் கடன் ஏஜென்ட். உங்கள் தொழிலுக்கு அப்படி யார் யார் என்று ஐந்தாறு பேர் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் குழுவில் அவர்களில் மூன்று பேராவது இருக்கிறார்களோ, அது உங்களுக்கான குழு.

அப்புறம் செலவு. சந்தா, வாராந்திர டிபன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 75,000 ரூபாய் ஆகிறது, உங்களுக்கு நிற்கும் லாபம் 10 சதவீதம் என்று வையுங்கள். போட்ட பணத்தை எடுக்கவே 7.5 லட்சத்துக்குப் புது வியாபாரம் வர வேண்டும். பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். கூட்டத்துக்குப் போக வர வாரம் இரண்டரை மணி, தனிச் சந்திப்புக்கு ஒன்றரை மணி. வருடத்துக்கு 50 வாரம் என்றால் 200 மணி நேரம், அதாவது 25 முழு வேலை நாள். இவ்வளவும் தர முடியாத வருடமாக இருந்தால் அடுத்த வருடம் சேருங்கள். பாதி மனதோடு போய் வருபவரை மற்றவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அபிப்பிராயத்தை மாற்றுவது புதிதாகச் சேருவதைவிடக் கஷ்டம்.

விருந்தினராகப் போய்ப் பாருங்கள்

ரெஃபரல் குழுக்களில் சேரும் முன் விருந்தினராக ஓரிரு முறை உட்கார விடுவார்கள். பத்து நிமிடம் முன்னால் போங்கள். வாசலிலேயே நிறையத் தெரிந்துவிடும். புதிதாக வந்தவரை யாராவது கூட்டிக்கொண்டு போய் நாலு பேரிடம் அறிமுகம் செய்கிறார்களா, இல்லை பழையவர்கள் தங்களுக்குள் வட்டம் போட்டு நிற்கிறார்களா? கூட்டத்தில் பரிந்துரை கொடுப்பவர், "மெயின் ரோட்டுல ஒரு ஸ்கூலுக்கு யுபிஎஸ் வேணும், கரஸ்பாண்டென்ட்கிட்ட பேசிட்டேன், நாளைக்குக் காலையில போங்க" என்று சொல்கிறாரா, "யாரோ கேட்டாங்க, நம்பர் அனுப்பறேன்" என்கிறாரா?

டிபன் நேரத்தில், இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும் ஒருவரிடம் போய் இதைக் கேளுங்கள்: "கடைசியா உங்களுக்கு வந்த ஒரு ரெஃபரல் எப்படிங்க முடிஞ்சுது?" நன்றாக நடக்கும் குழு என்றால் அவர் ஒரு கதையே சொல்வார். "நல்ல குரூப்புங்க, சேருங்க" என்று மட்டும் சொன்னால் இன்னொருவரையும் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கே விண்ணப்பம் நீட்டுவார்கள், "உங்க தொழில்ல ஒரு சீட்டுதான் இருக்கு" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அந்த 45 விநாடி

வாராவாரம் எல்லாருக்கும் எழுந்து பேச முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ கிடைக்கும். பெரும்பாலானவர்கள் அதை வீணாக்குகிறார்கள். நான் முதல் சில மாதங்கள் பேசியது இப்படி:

"வணக்கம். நாங்க 3 ப்ளை, 5 ப்ளை, 7 ப்ளை அட்டைப்பெட்டி தயாரிக்கிறோம். தரமான பொருள், நியாயமான விலை, சொன்ன நேரத்துக்கு டெலிவரி. எல்லாத் தொழிலுக்கும் செஞ்சு தர்றோம்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் கேட்டவர் மண்டபத்தை விட்டுப் போனதும் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? 5 ப்ளை என்றால் ஐந்து அடுக்கு அட்டை என்று பல் டாக்டருக்கு என்ன தெரியும்? எல்லாத் தொழிலுக்கும் என்று சொன்னால் ஒரு தொழிலும் அவர் கண்முன் வராது. பிறகு இப்படி மாற்றினேன்:

"பார்சல்ல போன பொருள் உடைஞ்சு வந்துருச்சுன்னு உங்ககிட்ட யாராச்சும் புலம்புனா, என்னை நினைச்சுக்கோங்க. போன மாசம் ஒரு கிரைண்டர் கம்பெனிக்குப் பெட்டிக்குள்ள மூலைக்கு மட்டும் அட்டை மடிச்சு வெச்சுக் கொடுத்தோம், திரும்பி வர்ற சரக்கு நின்னுபோச்சு. இந்த வாரம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்: குறிச்சி சிட்கோவுல மோட்டார் பாகங்களை வெளி மாநிலத்துக்கு அனுப்பற கம்பெனியில டெஸ்பாட்ச் பாக்கறவர். யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, மற்றவர்கள் காதில் விழக்கூடிய ஒரு வாக்கியம். உங்களைத் தேவைப்படுபவர் உங்கள் தொழிலின் பெயரைச் சொல்ல மாட்டார், தன் தொல்லையைத்தான் சொல்வார். "நோட்டீஸ் வந்திருக்கு" என்றால் ஆடிட்டர். "பையன் போர்டுல எழுதறதைச் சரியாப் பாக்க மாட்டேங்கிறான்" என்றால் கண்ணாடிக் கடை. உங்கள் தொழிலுக்கு அந்த வாக்கியம் எது என்று தெரிய, வாடிக்கையாளர் முதல் போனில் என்ன வார்த்தையில் ஆரம்பிக்கிறார் என்று ஒரு மாதம் கவனித்து எழுதுங்கள். இரண்டாவது, சின்னதாக ஒரு நடந்த கதை. மூன்றாவது, குறிப்பான ஒரே கேள்வி. அதை வாராவாரம் மாற்றுங்கள். "யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் மூளை தேடாது. இடமும் பதவியும் சேர்த்துக் கேட்டால் யாராவது ஒருவர் தலை நிமிர்த்துவார், என் மச்சான் அங்கேதான் இருக்கிறான் என்று.

முடிந்தால் கையில் ஒரு பொருள் கொண்டுபோங்கள். நசுங்கிய பெட்டி மூலை ஒன்றை ஒரு நாள் வெட்டி எடுத்துப் போய் வரிசையாகக் கைமாற்றிப் பார்க்க விட்டேன். நான் பேசியது மறந்தாலும் அந்த அட்டைத் துண்டு பலருக்கு நினைவிருக்கிறது.

அவர் இடத்துக்கே போய்ப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கூட்டம் முகத்தை அறிமுகம் செய்துவைக்கும். நம்பிக்கை வருவது இருவர் தனியாக உட்காரும்போதுதான். பிஎன்ஐயில் இதற்கு ஒன்-டு-ஒன் என்று பெயர். பலர் இதை ஏதாவது காபி கடையில் முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது, அவருடைய பட்டறைக்கோ கடைக்கோ ஆபீசுக்கோ போங்கள். ரோட்டரிக்காரர்கள் ஆரம்பத்தில் முறை வைத்து ஒவ்வொருவர் இடத்திலும் கூடியதில் அந்தப் பலன் இருந்தது.

கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை ஏழெட்டு மாதமாகக் கூட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேச மாட்டார். எழுந்து நின்றால் "ஜாப் ஆர்டர் எடுத்துப் பண்றோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் பட்டறைக்குப் போனேன். சின்ன இடம், நான்கு மிஷின். கூலன்ட் வாசனை. சுவரில் ஸ்பேனர்கள் ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவத்தை வரைந்து, அதன் மேலேயே மாட்டியிருந்தார். எது இல்லையென்றாலும் தூரத்திலிருந்தே தெரியும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் கிரேட். அதற்குள் சிவப்பு பெயின்ட் அடித்த புஷ்கள், பம்ப்பில் போடும் சின்ன உருளைப் பாகங்கள். என்னவென்று கேட்டேன்.

"ரிஜெக்ட் ஆனதுங்க. பெயின்ட் அடிக்கலைன்னா பசங்க அவசரத்துல நல்ல பீஸோட கலந்துருவாங்க. ஒரு பீஸ் கலந்து போனாலும் பார்ட்டியோட பம்ப்பு நின்னுரும்ங்க."

அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பம்ப் தயாரிக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் பாகங்கள் அளவு மாறி வருவதாக அலுத்துக்கொண்டபோது, அந்தச் சிவப்பு பெயின்ட் கதையைச் சொன்னேன். அவ்வளவுதான், உடனே நம்பர் வாங்கிக்கொண்டார். நல்ல ஒர்க்ஷாப், தரமாகச் செய்வார் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டு மறந்திருப்பார். கண்ணால் பார்த்ததைச் சொல்பவரின் குரலிலேயே ஒரு உறுதி வந்துவிடும்.

போகும்போது கேட்க வேண்டியவை: உங்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர்? எந்த மாதிரி வேலை வந்தால் வேண்டாம் என்பீர்கள்? எந்த மாதம் வேலை குறையும்? ஆட்கள் உங்களைத் தேடி வரும்போது முதலில் என்ன சொல்வார்கள்? இந்த வருடம் எதைச் செய்து முடிக்க நினைக்கிறீர்கள்? ஊர், குடும்பம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் தானாகப் பேச்சில் வரும், வரட்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் வேலையை நன்றாக நினைவில் வையுங்கள். சின்ன ரிப்பேர் எடுக்காதவருக்கு ரிப்பேர் வேலை அனுப்பினால் மூன்று பேருக்கும் சங்கடம்.

அன்றைக்கு உங்கள் பொருளை விற்காதீர்கள். அவரே கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வெளியே வந்து வண்டியை எடுப்பதற்கு முன் நாலு வரி எழுதிவையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அவரை உங்கள் இடத்துக்கு அழையுங்கள். 40 பேர் இருக்கும் குழுவில் வாரம் ஒருவர் என்று போனாலே முடிக்க ஒரு வருடம் நெருங்கிவிடும். முதலில் உங்கள் இயல்பான கூட்டாளிகளிடமிருந்து ஆரம்பியுங்கள்.

பரிந்துரை கொடுப்பது

நம்பரை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது பரிந்துரை ஆகாது. அது வெறும் தகவல். முறை இதுதான்: தேவை இருப்பவரிடம், "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுங்களா?" என்று முதலில் அனுமதி கேளுங்கள். சரி என்றால், அவர் எதிரிலேயே போன் போட்டு இருவரையும் பேச வையுங்கள். என்ன தேவை, எப்போது வேண்டும், முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றையும் உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள். நான்கைந்து நாள் கழித்து இரண்டு பக்கமும் விசாரியுங்கள்.

தெரியாதவரைப் பரிந்துரைக்கும் நிலை வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "என் குரூப்ல இருக்கார், அவர் வேலையை நான் இன்னும் பார்க்கலை, ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்க." இதில் யாருக்கும் குறையில்லை. வாராவாரம் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று அரைகுறைப் பரிந்துரை எழுதிக் கொடுக்கும் பழக்கம் சில குழுக்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். உங்கள் பெயர் போட்ட சீட்டு வந்தாலே நம்பிப் போகலாம் என்ற நிலை, வருடத்துக்கு ஏழெட்டு உறுதியான பரிந்துரையால் வரும்.

சேர்ந்த புதிதில் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று தோன்றும். உங்கள் சப்ளையர்கள், பழைய முதலாளி, பிள்ளைகளின் பள்ளி, குடியிருக்கும் தெரு என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். வியாபாரம்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. நல்ல சூப்பர்வைசர் ஒருவரை அறிமுகம் செய்ததற்காக இன்றும் எனக்கு நன்றி சொல்பவர் உண்டு.

உங்களுக்குப் பரிந்துரை வந்தால்

அன்றைக்கே கூப்பிடுங்கள். ஒரு நாளுக்குள் பேசவில்லையென்றால் கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது? பேசியதும் கொடுத்தவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "பேசிட்டேனுங்க, வியாழக்கிழமை போறேன்." ஆர்டர் வந்தாலும் சொல்லுங்கள், வராவிட்டாலும் ஏன் என்று சொல்லுங்கள். ஆர்டர் வராததைவிட, என்ன ஆனது என்றே தெரியாமல் இருப்பதுதான் பரிந்துரை கொடுத்தவரை வருத்தும்.

தவறு நடந்தால் இன்னும் வேகம் வேண்டும். ஒரு ஜூன் மாதம், பரிந்துரையில் வந்த வாடிக்கையாளருக்குக் கோடையில் போட்ட அதே பேப்பரில் 5 ப்ளை பெட்டி போட்டுக் கொடுத்துவிட்டேன். சரக்கு கேரளத்துக்குப் போனது. அட்டை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் மேலே அடுக்கும் எடையைத் தாங்கும் சக்தி குறையும். மழைக்காலத்தில் அந்தக் குடோனில் அடி வரிசைப் பெட்டிகள் உட்கார்ந்துவிட்டன. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, கேட்க மறந்தது என் தவறு. போட்டோ வந்த ஐந்தாவது நிமிடம், வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு, அடுத்த போன் பரிந்துரைத்தவருக்குப் போட்டேன். நடந்தது இது, மாற்றுப் பெட்டி என் செலவில் நாளை மறுநாள் போகிறது என்று சொன்னேன். அவருக்கு அந்தச் செய்தி வேறு வாயிலிருந்து போயிருந்தால் எங்கள் உறவு அன்றோடு முடிந்திருக்கும். அதன் பிறகு புது ஆர்டர் ஃபாரத்தில் "சரக்கு எந்த ஊருக்குப் போகிறது" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். அதையும் அவரிடம் காட்டினேன். அவர் இன்றும் ஆள் அனுப்புகிறார்.

பணம் பேசும் இடம்

குழுவுக்குள் உறவு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: உறுப்பினர் விலை, இழுத்தடிக்கும் பாக்கி.

"நம்ம ஆளு, குறைச்சுப் போடுங்க" என்று கேட்பார்கள். என் பழக்கம், விலையைக் குறைக்காமல் வேறு ஏதாவது கூடுதலாகச் செய்து தருவது: மாதிரிப் பெட்டி இலவசம், அவசர டெலிவரிக்குத் தனிக் கட்டணம் இல்லை. நஷ்டத்தில் செய்யும் வேலையில் கை சுணங்கும். அந்தச் சுணக்கத்தைப் பார்ப்பவர் உங்களை வேறு யாருக்கும் சொல்ல மாட்டார்.

உறுப்பினருக்கும் கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், பில், கெடு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணை இருக்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பேமெண்ட் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். நண்பரிடம் சட்டம் பேச யாருக்கும் பிடிக்காதுதான். பில்லின் அடியில் முதலிலேயே அச்சடித்துவிட்டால் பேச வேண்டிய அவசியமே வராது.

பரிந்துரைக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏஜென்ட் வைத்துச் செய்யும் தொழில் வேறு. குழுவில் கமிஷன் நுழைந்தால், சொல்பவர் நல்லவரைச் சொல்கிறாரா, அதிகம் தருபவரைச் சொல்கிறாரா என்ற சந்தேகம் வந்துவிடும். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போய் நன்றி சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும், எப்படிக் கணக்கு வைப்பது

ஒரு சின்ன நோட்டுப் போதும். தேதி, யாரைச் சந்தித்தேன், யாருக்கு என்ன கொடுத்தேன், எனக்கு யார் என்ன கொடுத்தார், பில் எவ்வளவு, பணம் வந்ததா. முதல் மூன்று மாதத்தில் சந்திப்புக் கட்டங்கள்தான் நிரம்பும், கவலைப்பட வேண்டாம். ஆறாவது மாதம் நோட்டைப் பார்க்கும்போது, 20 பேரையாவது தனியாகச் சந்தித்திருந்தும் ஒரு விசாரிப்புகூட வரவில்லையென்றால் உங்கள் 45 விநாடியில் கோளாறு இருக்கலாம். விசாரிப்பு வந்தும் ஆர்டராகவில்லை என்றால் கோளாறு உங்கள் கொட்டேஷனிலோ வேகத்திலோ இருக்கிறது. சந்திப்பே ஐந்தாறுதான் என்றால் குழுவைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

நேரமும் கூச்சமும்

காலை ஏழு மணிக் கூட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தொழிலைப் பார்க்கும் பெண்களுக்குக் கட்டிவராது. அதற்காக உங்களை மாற்றிக்கொண்டு திணற வேண்டாம். மதிய நேரத்தில் கூடும் குழுக்கள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. இல்லாவிட்டால் ஐந்தாறு தொழில்முனைவோர் சேர்ந்து மாதம் இரண்டு முறை பதினொரு மணிக்கு ஒருவர் இடத்தில் கூடத் தொடங்கலாம். விதி இரண்டு போதும்: ஒரு தொழிலுக்கு ஒருவர், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்வது. 1905-இல் சிகாகோவில் நாலு பேர்தான் கூடினார்கள்.

கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வருகைப் பதிவு பார்ப்பவரிடம் எல்லாரும் தாமாகவே வந்து பேசியாக வேண்டும். மூன்று மாதத்தில் ஒவ்வொருவர் பெயரும் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் விளம்பரப் படங்களை இறைக்காதீர்கள். யாராவது உதவி கேட்டால் முதலில் பதில் சொல்பவராக இருங்கள், அது போதும்.

விலகும்போது

தொழில் மாறும், ஊர் மாறும், குழுவே சுரத்துக் குறையும். விலக வேண்டி வந்தால் சந்தா முடியும் மாதத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். கையில் இருக்கும் பரிந்துரை வேலைகளை முடித்து, பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். உங்கள் இடத்துக்குப் பொருத்தமான ஒருவர் தெரிந்தால் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகம் செய்யுங்கள். நெருக்கமான ஏழெட்டுப் பேரிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். லேத் பட்டறைக்காரர் அந்தக் குழுவை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவர் பெண் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்னைக் காட்டி, "பார்சல் உடையுதுன்னு சொன்னீங்கல்ல, இவர்தானுங்க" என்றார்.